கோடையில் காற்றைக் குறைக்கச் சொல்பவர்களுக்கு

பங்குனி பிறந்ததும் பேச்சு தொடங்கிவிடும். "வெயில் ஏறுது சார், முப்பத்திமூணு வேண்டாம், இருபத்தெட்டே போதும்" என்பார் பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர். "லாங் போறீங்களா? நாலு குறைச்சே வைங்க, ஓட ஓடச் சூடாகித் தானா ஏறிக்கும்" என்பார் பஞ்சர் கடைக்காரர். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் மருமகனை வாசலில் நிறுத்தி மாமனார் சொல்லி அனுப்புவதும் இதையேதான். வாடகைக் கார் ஓட்டும் தம்பிகள் பலர் இதைத் தொழிலின் பாலபாடமாகக் கற்றிருக்கிறார்கள். திருச்சி சாலையிலோ கிருஷ்ணகிரி சாலையிலோ டயர் வெடித்துக் கார் கவிழ்ந்தது என்று செய்தி வந்தால், "காத்தை ஃபுல்லா அடிச்சிருப்பான்" என்று தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது.

இந்த அறிவுரை தவறு. கொஞ்சம் மிகை, ஓரளவுக்கு உண்மை என்று பூசிமெழுக எனக்கு விருப்பமில்லை. எந்த விபத்தைத் தடுப்பதற்காக இது சொல்லப்படுகிறதோ அந்த விபத்தையே இது வரவழைக்கிறது. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள் என்பதால்தான் இது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. அதனாலேயே இதைக் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் தரப்பை முதலில் முழுமையாகவே எடுத்துக்கொள்வோம். சூடானால் காற்று விரியும். விரிய இடமில்லாததால் டயருக்குள் அழுத்தம் கூடும். அளவுக்கு மீறிக் கூடினால் டயர் வெடிக்கும். ஆகவே முன்கூட்டியே குறைத்து வைப்பது நல்லது. முதல் இரண்டு கூற்றுகளில் பிழை இல்லை. மூன்றாவதில் கணக்கு நின்றுவிடுகிறது. எவ்வளவு கூடும், எவ்வளவு வரை டயர் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 33 பிஎஸ்ஐ அடிக்கிறோம். மீட்டர் காட்டும் 33 என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள அளவு, வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் டயருக்குள் இருப்பது 47.7. மூடிய இடத்தில் காற்றின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் ஏறும் என்பது பள்ளிக்கூடப் பாடம். 30 டிகிரி என்பது 303 கெல்வின். வேலூரில் மதியம் 42 டிகிரி என்றால் 315. பெருக்கி வகுத்துப் பாருங்கள்: மீட்டர் 35-ஐக்கூட எட்டாது. நாம் அஞ்சி நடுங்கும் அந்த அக்னி நட்சத்திர வெயில் கூட்டியது இரண்டுக்கும் குறைவு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் நெடுநேரம் ஓடி உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடானால் மீட்டர் 38-ஐ ஒட்டி நிற்கும். 70 டிகிரிக்குப் போனாலும் 39-தான்.

இனி, டயர் எவ்வளவு தாங்கும்? உங்கள் கார் டயரின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் உச்ச அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது 44 அல்லது 51. இதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது அடிக்கத்தக்க உச்சம். ஓடி அதற்கு மேல் ஏறுவதையும் சேர்த்தே அது கட்டப்பட்டிருக்கிறது. குறையில்லாத ஒரு டயர் வெறும் காற்றழுத்தத்தால் மட்டுமே கிழிய வேண்டுமென்றால், நாம் வழக்கமாக அடிப்பதைப் போலப் பல மடங்கு அடித்தாக வேண்டும். 38 எங்கே, அது எங்கே? (அந்த 44-ஐப் பார்த்துவிட்டு 44 அடித்துக்கொள்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. அது டயரின் எல்லை. உங்கள் காருக்கான அளவு அல்ல.)

காருக்கான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கிறது. சின்னக் கார்களில் பெரும்பாலும் 30-க்கும் 36-க்கும் இடையில் இருக்கும். இரண்டு பேர் போனால் ஒன்று, ஐந்து பேரும் சாமானும் என்றால் இன்னொன்று என்று பல கார்களில் இரண்டு வரிசை இருக்கும். அது குளிர்ந்த டயருக்கான அளவு. ஓடும்போது நான்கைந்து ஏறும் என்பதை எண்ணித்தான் பொறியாளர்கள் அந்த 33-ஐ எழுதுகிறார்கள். அவர்கள் கணக்கில் சேர்த்துவிட்ட ஒன்றை நாம் மறுபடியும் கழிக்கிறோம்.

"இதெல்லாம் குளிர் நாட்டுக்காரன் எழுதினது, நம்ம வெயிலுக்கு ஒத்துவராது" என்பார்கள். எம்ஆர்எஃப் பிறந்தது திருவொற்றியூரில்; 1946-ல் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம் அது. அப்போலோ ஒரகடத்தில் டயர் வார்க்கிறது. மிஷ்லினுக்குத் தேர்வாய் கண்டிகையில் ஆலை இருக்கிறது. ஜேகே ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. சித்திரை வெயில் எப்படிக் காயும் என்று இந்த ஆலைகளுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் ஐந்து குறைத்துக்கொள்ளுங்கள் என்று இவற்றில் எதுவும் அச்சடித்துத் தருவதில்லை. இங்கே விற்கும் கார்களின் கதவுத் தூணிலும் கோடைக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று என்று இரண்டு அளவுகள் கிடையாது.

அப்படியானால் டயர் ஏன் வெடிக்கிறது? சூட்டால்தான். ஆனால் அந்தச் சூடு வானத்திலிருந்து வருவது குறைவு. டயர் தனக்குள் தானே உண்டாக்கிக்கொள்வது அதிகம். சாலையைத் தொடும் இடத்தில் டயர் சப்பையாகிறது, அந்த இடம் மேலே போனதும் மறுபடி வட்டமாகிறது. 185/65 அளவுள்ள 15 அங்குல டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பதினான்கு முறை சுற்றுகிறது. ஒரு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் முறைக்கு மேல். டயரின் ஒவ்வொரு பகுதியும் அத்தனை முறை மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்தால் அந்த இடம் சுடுவதைப் போல, ஒவ்வொரு மடங்கலிலும் ரப்பர் கொஞ்சம் சூடாகிறது.

எவ்வளவு மடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது காற்று. காரின் எடையைச் சுமப்பது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம். அது குறைந்தால் டயர் இன்னும் சப்பையாகிறது, பக்கச்சுவர் இன்னும் ஆழமாக மடங்குகிறது, சூடு இன்னும் கூடுகிறது. அந்தச் சூடு போய்ச் சேரும் இடம் டயரின் தோள்பட்டை. மேல்பட்டையான பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் அந்த இடத்தில்தான் உள்ளே எஃகுக் கம்பி வலையின் ஓரம் இருக்கிறது. அங்கே ரப்பருக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள பிடிப்பு சூட்டில் தளர்கிறது. நுண்ணிய விரிசல் விழுகிறது. அந்த விரிசல் சுற்றிலும் பரவுகிறது. ஒரு நாள் நல்ல வேகத்தில் மேல்பட்டை அப்படியே உரிந்து பறக்கிறது, அல்லது பக்கச்சுவர் கிழிகிறது. வெளியே கேட்பவர்களுக்கு அது ஒரே ஒரு சத்தம். உள்ளே அந்த அழிவு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

பஞ்சர் ஒட்டுபவர்களுக்கு நான் சொல்வதன் சாட்சியம் கையிலேயே இருக்கிறது. ரிம்மிலிருந்து கழற்றிய டயரைத் தலைகீழாகத் தட்டும்போது சில டயர்களிலிருந்து கறுப்புத் தூள் கொட்டும். உள்சுவரைத் தடவினால் விரலில் ஒட்டும். சில டயர்களின் பக்கச்சுவரில் சுற்றிலும் வளையமாக ஒரு மடிப்புத் தடம் தெரியும். காற்று இல்லாமலோ குறைவாகவோ ஓடி, உள்சுவர் தன்னைத் தானே அரைத்துக்கொண்டதன் அடையாளம் அது. நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் வெடித்த டயர்களையும் நின்று பாருங்கள். பக்கச்சுவர் தனி வளையமாக அறுந்து கிடப்பவை பல. அளவுக்கு மீறி ஊதிய பலூன் கிழிவதைப் போலக் கிழிந்தவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது: கோடையில்தானே அதிகம் வெடிக்கிறது? ஆமாம், அது உண்மை. ஏற்கெனவே காற்று குறைந்து தனக்குள் சூடேறிக்கொண்டிருக்கும் டயரிலிருந்து அந்தச் சூடு வெளியே போக வேண்டும். மார்கழிக் காற்று அதை வாங்கிக்கொண்டு போகும். வைகாசியின் தார்ச்சாலை வாங்காது. ஆக, மார்கழியில் தப்பித்த டயர் வைகாசியில் தப்பாது. கோடையைக் காரணம் காட்டிக் காற்றைக் குறைப்பவர்கள், எந்த மாதத்தில் டயருக்கு மிச்சமிருக்கும் பாதுகாப்பு மிகக் குறைவோ அந்த மாதத்தில்தான் அதையும் எடுத்துவிடுகிறார்கள். வடக்கே கிரேட்டர் நொய்டாவுக்கும் ஆக்ராவுக்கும் இடையே 2012-ல் திறந்த யமுனா விரைவுச் சாலையிலும் இதே பேச்சுதான்: கான்கிரீட் சாலை டயரை வெடிக்க வைக்கிறது என்று பழி சாலைமேல் போட்டார்கள். 165 கிலோமீட்டர் தூரம் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட முடிகிற சாலை, ஊருக்குள் நின்று நின்று ஓடியதால் தப்பித்துவந்த மெலிந்த டயர்களை அம்பலப்படுத்திவிடும். அதைப் பற்றிய பேச்சு குறைவாகவே எழுந்தது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற பெரிய காரில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. டயரின் மேல்பட்டை ஓட்டத்தில் உரிந்து கார்கள் உருண்டன. சவூதி அரேபியா, வெனிசுலா போன்ற வெப்ப நாடுகளிலிருந்து புகார்கள் வந்தன. அமெரிக்காவிலும் வெயில் மிகுந்த தென்மாநிலங்களில்தான் அதிகம். 2000 ஆகஸ்டில் அறுபத்தைந்து லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. அமெரிக்க அரசின் கணக்கில் இறந்தவர்கள் 271 பேர். அந்த டயர்களின் உள்வலை அமைப்பிலேயே குறை இருந்தது. அதை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் காற்றின்மேல் போடுவது நேர்மையாகாது. ஆனால் அந்தக் காருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்று 26. டயர் செய்தவர்கள் கேட்டது 30. நான்கு பிஎஸ்ஐ இடைவெளி. கார் கவிழாமல் இருக்கவும், பயணம் மெத்தென்று இருக்கவும் குறைத்து வைக்கப்பட்ட அளவு, பலவீனமான டயரில் சூட்டை ஏற்றியது என்பது அந்த வழக்குகள் நெடுகிலும் பேசப்பட்டது. பிறகு ஃபோர்டும் அதை 30 ஆக்கியது. நம் பஞ்சர் கடைகளில் சாதாரணமாகக் குறைக்கச் சொல்லும் அதே நான்கு.

அதன் விளைவாக அமெரிக்கா 2000 நவம்பரில் ஒரு சட்டம் போட்டது. 2007 செப்டம்பரிலிருந்து புதுக் கார்கள் அனைத்திலும் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி கட்டாயமானது. அந்தக் கருவி எப்போது விளக்கை எரிய வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? பரிந்துரைத்த அளவைவிடக் கால் பங்கு குறைந்தால். அளவு கூடினால் எரிய வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் விபத்துகளை ஆராய்ந்தபோது, கால் பங்குக்கு மேல் காற்று குறைந்த டயர்களோடு ஓடிய வண்டிகளுக்கு டயர் தொடர்பான விபத்து நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று கண்டது.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கொடியது. 1991 ஜூலை 11-ம் தேதி, ஹஜ் முடித்த நைஜீரியர்களை ஏற்றிக்கொண்டு ஜெட்டாவிலிருந்து சோகோட்டோவுக்கு ஒரு டிசி-8 விமானம் கிளம்பியது. அதன் சக்கரங்களில் சிலவற்றில் காற்று குறைவு என்பது தரைப்பணியாளர்களுக்கு முன்பே தெரியும். விமானம் தாமதமாகிறது, இருப்பதை வைத்துப் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். ஓடுபாதையில் ஓடும்போது, காற்று குறைந்த சக்கரம் சுமக்காத பாரத்தையும் சேர்த்துச் சுமந்த பக்கத்துச் சக்கரம் முதலில் சிதைந்தது. உராய்வில் தீப்பிடித்தது. எரியும் சக்கரத்தோடு வானில் ஏறிய விமானம் திரும்பி வந்து இறங்குவதற்குள் உடைந்து விழுந்தது. 261 பேரும் இறந்தார்கள். ஜூலை மாதத்து ஜெட்டாவின் வெப்பம் நமக்குச் சளைத்ததல்ல. "காத்து கொஞ்சம் கம்மியா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த யாத்ரீகர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

நம் சாலைக்குத் திரும்புவோம். 33 போட வேண்டிய காருக்கு வெயிலை எண்ணி 28 அடிக்கிறார் ஒருவர். ஓட்டத்தில் இருக்கும் பழுதே இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ தானாகக் கசியக்கூடும். ஒன்றரை மாதம் அவர் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, 26-க்கு வந்துவிட்டது. பங்கில் இருந்த மீட்டர் இரண்டு கூட்டிக் காட்டும் மீட்டர் என்றால் உண்மையில் இருப்பது 24. இப்போது பள்ளி விடுமுறை. ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், கூரையில் மூட்டை. 33-ஐவிட அதிகம் அடிக்க வேண்டிய நாளில் அந்தக் கார் கால் பங்குக்கு மேல் குறைந்த காற்றோடு உளுந்தூர்பேட்டையைத் தாண்டுகிறது. இதில் ஒவ்வொரு பிழையும் சிறியதுதான். எல்லாம் ஒரே திசையில் கூடுகின்றன. அறிவுரை சொன்னவர் கடைசி எண்ணைப் பார்ப்பதே இல்லை.

கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான காற்றிலேயே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 33-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காலால் உதைத்தோ விரலால் தட்டியோ கண்டுபிடிக்க யாராலும் முடியாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மீட்டர் ஒன்று காரிலேயே கிடக்கட்டும்.

நைட்ரஜன் அடித்திருப்பதால் தனக்கு இந்தக் கவலை இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் விரியும். மேலே போட்ட கணக்கில் ஒரு எண்ணையும் மாற்ற வேண்டாம். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும் என்பது மெய். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஓராண்டு நிறுத்தி வைத்துப் பார்த்ததில் சாதாரணக் காற்று 3.5 பிஎஸ்ஐயும் நைட்ரஜன் 2.2-ம் இறங்கியிருந்தன. ஆண்டுக்கு ஒன்றேகால் வித்தியாசம். அதை நம்பி மீட்டரைத் தொடாமல் இருப்பவருக்கு நைட்ரஜனால் லாபத்தைவிட நட்டம் அதிகம்.

காற்றைக் கூட்டி அடிப்பதில் கெடுதல் இல்லையா என்றால், இருக்கிறது. பட்டன் நடுவில் மட்டும் தேயும், பிடிப்பு குறையும், பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக உள்வலைக்குப் போகும். காலையில் 42 அடித்துக்கொண்டு போகச் சொல்லி நான் வாதாடவில்லை. மணலிலும் சேற்றிலும் வேண்டுமென்றே காற்றை இறக்கி ஓட்டுவதும் சரியான வித்தைதான். ஆனால் அங்கே வேகம் இருபது, வெளியே வந்ததும் மறுபடி அடித்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். மழைக்காலத்திலும் குறைந்த காற்று உதவாது. தேங்கிய நீரைப் பிதுக்கித் தள்ளித் தரையைப் பிடிக்க டயருக்கு அழுத்தம் வேண்டும். அது குறையக் குறைய, தண்ணீரின்மேல் மிதந்து வழுக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது.

இந்தத் தவறு பங்கில் மட்டும் நடப்பதில்லை, டயர் கடையிலேயே தொடங்குகிறது. புது டயரின் விளிம்பை ரிம்மில் உட்கார வைக்க அதிகக் காற்று ஏற்றுவார்கள். அப்புறம் இறக்கும்போது எந்தக் கார் என்று பார்க்காமல் நாலுக்கும் ஒரே முப்பது. அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துக் காகிதம் அச்சடித்துத் தரும் கடையில், கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படிப்பவர் அரிது. பழைய ரப்பர் வால்வையே விட்டுவிட்டுப் புது டயரை மாட்டுவதும் நடக்கிறது. வால்வின் ரப்பர் வெடித்திருந்தால் சொட்டுச் சொட்டாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும். டயர் மாற்றும்போது வால்வையும் மாற்றச் சொல்லுங்கள், மூடியை மறக்காமல் போடச் சொல்லுங்கள். ஸ்டெப்னியையும் அன்றே அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நல்லெண்ணத்தால் செய்யப்படும் மிக மோசமான காரியம் ஒன்று. பாதி வழியில் டீக்கடையில் நிறுத்துகிறார்கள். தொட்டுப் பார்த்தால் டயர் சுடுகிறது. பக்கத்தில் இருக்கும் காற்றுக் கடையில் அளந்தால் 38. "அய்யோ, அஞ்சு ஏறிடுச்சு, இறக்குங்க" என்று 33-க்கு இறக்குகிறார்கள். இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 60 டிகிரியில் 33 இருந்தால், மறுநாள் காலை 30 டிகிரியில் அதே டயரில் 28-க்குச் சற்று மேல்தான் இருக்கும். திரும்பி வரும்போது அது இன்னும் அதிகம் மடங்கி இன்னும் அதிகம் சூடாகும். அதே டீக்கடையில் மறுபடி அளந்தால் மறுபடி இறக்கத் தோன்றும். சுடும் டயரிலிருந்து காற்றை எடுக்கவே கூடாது. அந்த 38 சரியான காற்று சரியாக வேலை செய்வதன் எண். நீங்கள் பயப்பட வேண்டியது, இரண்டு மணி நேரம் ஓடிய டயர் 33 காட்டும்போது. அது காலையில் 28-ல் கிளம்பிய டயர், அல்லது எங்கேயோ ஆணி ஏறிக் கசியும் டயர். அங்கேயே நான்கைந்து கூட்டி அடித்து, மற்ற மூன்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேகத்தைக் குறைத்து ஊர் போய்ச் சேருங்கள். மறுநாள் விடிந்ததும், வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது மறுபடி அளந்து கதவுத் தூணில் இருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் அந்த ஒன்று மட்டும் குறைந்திருந்தால் கழற்றி உள்சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் தூள் கையில் ஒட்டினால் பஞ்சர் ஒட்ட வேண்டாம். அந்த டயரை மாற்றிவிடுங்கள்.